சுத்திப் போட்ட பிறகு சொன்னது

எழுபதுகளில், கல்யாணமாகிக் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் பின்பக்க அறையில் குடியேறினோம். யாரிடமும் பேசவே எனக்குக் கூச்சம். அதைப் போக்கிக்கொள்ள நூலகத்திலிருந்து மனவளப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். நல்லதைக் கண்டால் உடனே வாய்விட்டுப் பாராட்ட வேண்டும் என்றது அது.

முன்கட்டில் வீட்டுச் சொந்தக்காரர் பட்டுப்புடவை நெய்துகொண்டிருந்தார். அவர் மனைவி காமாட்சி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளுவார். ஒருநாள் காலை அவர்கள் அருகே போய், “அக்கா, நீங்க சேக்கிற கரை எவ்ளோ அழகா இருக்குது!” என்றேன். அக்கா நிமிரவேயில்லை.

அன்று மதியமே தறியின் பாவு நூலில் ஒரு கொத்து இழை அறுந்துபோனது. “தறியில இருக்கிற சேலையப் போய் அழகுன்னு சொன்னா கண்ணு படாதா?” என்று வீட்டுக்காரர் கத்தியது என் அறைவரை கேட்டது. புத்தகத்தைத் தூக்கிப் பெட்டிக்கு அடியில் போட்டேன். அந்தப் பக்கமே போகவில்லை.

இழைகளை முடிந்து தறி மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, தன் கணவர் வெளியே போன நேரமாகப் பார்த்து அக்கா என்னைக் கூப்பிட்டார். உப்பையும் மிளகாயையும் எடுத்துத் தறியைச் சுற்றினார், என்னையும் சுற்றினார், அடுப்பில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“சுத்திப் போட்டாச்சு. இப்போ சொல்லுமா.”

“என்னக்கா சொல்லணும்?”

“அன்னிக்குச் சொன்னியே, அதுதான். கல்யாணமாகி வந்ததிலேர்ந்து இங்கதான் குந்திக்கினு இருக்கேன். கரையப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல.”

சொன்னேன். நாடாவைக் கையில் பிடித்தபடி அசையாமல் கேட்டார்.

பாராட்டத்தான் துணிச்சல் வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். பாராட்டைக் கேட்டு வாங்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.