போகியில் எரியாத டயர்கள்

என் பெண்ணுக்கு அந்த வருடம் மூச்சு முட்டியது போகிப் புகையால்தான். இதை மட்டும் இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன். அதற்குப் பிறகு நான் செய்த எதைப் பற்றியும் எனக்கு இவ்வளவு நிச்சயம் கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் முதல் மாடியில் இருந்தோம். கணவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட். பெண்ணுக்கு ஆறு வயது. பனிக்காலம் வந்தாலே அவளுக்கு இழுப்பும் கூடவே வந்துவிடும்.

போகியன்று விடிவதற்கு முன்பே எங்கள் பிளாக்குக்கு எதிரே இருந்த காலி மனையில் பையன்கள் டயர்களை அடுக்கிக் கொளுத்தி, போகி மேளம் அடிப்பார்கள். பழைய பாயும் முறமும் எரிந்த பண்டிகை எப்போது டயருக்கு மாறியதோ தெரியாது. பாய் ஐந்து நிமிடத்தில் சாம்பலாகிவிடும். டயர் அப்படியில்லை, மேளம் அடிக்கிற கை ஓயும் வரை நின்று எரியும். பையன்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. அந்த வருடம் கரும்புகை நேராக எங்கள் ஜன்னலுக்கு வந்தது. இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்துப் பார்த்தேன். கொடுத்த மருந்துக்கு இழுப்பு அடங்கவில்லை. அவள் உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்ததும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். புகையில் பாதை தெரியாமல் ஆட்டோக்காரர் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குழந்தை பேசினாள்.

எனக்கு முன்கோபம் அதிகம். அடுத்த போகிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே விசாரணையில் இறங்கிவிட்டேன். இத்தனை டயர் எங்கிருந்து வருகிறது? காலனி முனையில் இருந்த பஞ்சர் கடையிலிருந்து. தேய்ந்துபோனதையெல்லாம் வருடம் முழுக்கக் கடைக்குப் பின்னால் போட்டு வைத்திருந்து, போகிக்கு முதல் நாள் பையன்களிடம் அள்ளிக் கொடுத்துவிடுவார் கடைக்காரர். சண்டை போடத்தான் போனேன். ஆனால் வாயைத் திறந்தபோது வேறு ஏதோ வந்தது.

"பசங்களுக்குக் குடுக்காதீங்க. எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன்."

அவர் கையிலிருந்த ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாமா சொல்ற? டயர ஊட்ல வெச்சிகினு இன்னா பண்ணப் போற? ஊறுகா போடப் போறியா?"

"என்னமோ பண்றேன். உங்களுக்கு இடம் காலியாகணும், அவ்ளோதானே?"

"எனுக்கு இன்னா, நீ எட்துகினு போனாலும் ஒண்ணுதான், அவனுங்கோ கொளுத்துனாலும் ஒண்ணுதான்."

எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் இருந்தவள் என்னைவிட நாலைந்து வயது சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். விஷயத்தைச் சொன்னதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். இருவருமாக ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்து, பிளாக்குக்குப் பின்னால் மதிலோரமாக அடுக்கினோம். தெருவே பல்லைக் காட்டிச் சிரித்தது. பையன்களுக்குச் சமாதானமாக இரண்டு கிழிந்த பாய், காய்ந்த தென்னை மட்டை, கால் உடைந்த நாற்காலி எல்லாம் கொடுத்தேன்.

"இன்னாக்கா நீ, டயரு இல்லாத போகி ஒரு போகியா?" என்று ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"என் பொண்ணு மூச்சு விட்டாத்தான்டா எனக்குப் பொங்கல்" என்றேன். அவன் தென்னை மட்டையை இழுத்துக்கொண்டு போனான்.

அந்தப் போகியில் மேளச் சத்தம் மட்டும்தான் எங்கள் ஜன்னலுக்கு வந்தது. என் பெண் அது முடியும் வரை தூங்கினாள். எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி மாளாது. அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் கிடைத்தது. பக்கத்து பிளாக்குக்காரர்கள் தங்களிடம் கிடந்த மொபெட் டயர், ஸ்கூட்டர் டயர் எல்லாவற்றையும் கொண்டுவந்து, "உங்ககிட்ட இருந்தா நல்லாருக்கும்" என்று விட்டுவிட்டுப் போனார்கள். பெயர் கெட்டுவிடுமே என்று வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. எரியாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். எரியாத டயர் எங்கேயாவது கிடந்தாக வேண்டுமே என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஒன்றில் மண்ணைக் கொட்டிக் கீரை விதைத்தேன். மற்றதெல்லாம் மதிலோரம் கிடந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் கீழ் வீட்டுக்காரிக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. மூன்று போர்வை போர்த்தியும் அவள் கட்டில் ஆடியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மலேரியா என்றார்கள். இரண்டு நாள் கழித்துச் சுகாதார ஊழியர் ஒருவர் காலனிக்கு வந்து தொட்டி, டிரம், பூந்தொட்டி என்று பார்த்துக்கொண்டே போனவர், மதிலோரம் வந்ததும் நின்றுவிட்டார். ஒரு டயரைச் சாய்த்து உள்ளே இருந்த தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினார். கிண்ணம் முழுக்கப் புழுக்கள் துள்ளின.

"யாரோடதும்மா இது?"

"என்னோடதுதான்" என்றேன். "இந்தக் கொசுவாலதான் அவங்களுக்குக் காய்ச்சலா?"

"அப்படிச் சொல்ல முடியாது. மாடித் தொட்டியில வர்ற கொசுவாவும் இருக்கலாம், கிணத்துக் கொசுவாவும் இருக்கலாம். ஆனா இத மொதல்ல எடுங்க."

அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், இல்லை என்றிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லாமல் போய்விட்டது. கீழ் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியிலிருந்து பாதி உடம்பாகத் திரும்பி வந்தாள். ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவள் திட்டினால் தேவலை என்று இருந்தது. "வுடுக்கா, நீ இன்னா பண்ணுவ" என்றாள். ரசப் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

டயர்களை ஒழிக்க வழி தேடி அலைந்தேன். பஞ்சர் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டேன் என்றார். குப்பை லாரிக்காரர்கள் தொடக்கூட மறுத்தார்கள். தண்ணீர் வடியட்டும் என்று கணவர் உளியும் சுத்தியலுமாக ஓட்டை போட உட்கார்ந்தார். நாலாவது டயரில் உளி மழுங்கியது.

"எரிச்சா புகை, வச்சிருந்தா கொசு. பேசாம நம்ம கட்டிலுக்கு அடியில வச்சுக்குவோம்" என்றார்.

பையன்களும் வந்தார்கள். "குடுத்துடுக்கா, ஒரே நாள்ல முட்ச்சிட்றோம்." அவர்கள் மேல் கோபம்கூட வரவில்லை. ஒரு கணம் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். உள்ளே என் பெண் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய இரும்பு எடுக்கிறவர் மூன்று சக்கர மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு வந்தார். டயர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "துட்டுலாம் வாணாம்மா. அப்டியே ஏத்திகினு பூட்றேன்" என்றார். மூன்று நடையில் மதிலோரம் காலியானது. எங்கே கொண்டு போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று எழுத ஆசைதான். தோன்றியது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவருக்கு மோர் கொடுத்தேன். கீழ் வீட்டுக்காரி அந்த இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், நாத்தனாரை அழைத்துவர என் பெண்ணோடு பஸ்ஸில் போனேன். அவள் வீடு பூந்தமல்லிக்கும் அப்பால். குமணன்சாவடி நெரிசலைத் தாண்டி, பூந்தமல்லியையும் தாண்டி, வயல்களுக்கு நடுவே செங்கல் சூளைகள் வந்தன. புகை கண்ணில் படுவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. அந்த வாடையை நான் தூக்கத்திலும் கண்டுபிடிப்பேன். மழை விட்டு அப்போதுதான் சூளைகளைப் பற்றவைக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு சூளையின் வாயருகே டயர்கள் மலையாகக் கிடந்தன.

என்னுடையவையா? ஸ்கூட்டர் டயர் எல்லாமே ஸ்கூட்டர் டயர் மாதிரிதான் இருக்கிறது. மீன்பாடி வண்டி இவ்வளவு தூரம் வராது என்று நினைத்தேன். நடுவில் எங்கேயாவது லாரிக்கு மாற்றியிருந்தால் வரும் என்றும் நினைத்தேன். அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

ஆட்களை ஏற்ற பஸ் அங்கேயே நின்றது. பச்சைச் செங்கல் அடுக்கின் மேல் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, முன்னால் குனிந்து, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் செங்கல் சுமந்துகொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள். அப்படி எதற்கு உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, அந்தப் பாப்பாவுக்கும் இழுப்பும்மா" என்றாள் என் பெண்.

என் கைப்பையில் அவளுடைய மாத்திரை இருந்தது. அது இல்லாமல் நான் வாசல்படி தாண்டுவதில்லை. எழுந்து நின்றேன். அதற்குள் காற்று திரும்பி, புகை எங்கள் பக்கமாக வந்தது. என் பெண் ஒரு தடவை இருமினாள். நான் உட்கார்ந்து, ஜன்னல் ஷட்டரை இழுத்து இறக்கினேன்.

"ஏம்மா மூடிட்டே?"

"உனக்குப் புகை ஆகாதுடி" என்றேன்.