தாலியைக் கழற்றி வைத்தேன், ஆத்தா காப்பாற்றினாள்

செவ்வாய்க்கிழமை பூஜைக்கு வரும் என் அக்கா தங்கைகளே, பால்குடம் எடுத்தவளுக்கே இப்படியா என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோச்சடையில் ஜாக்கெட் தைப்பவள். போன சித்திரையில் வலது கை விரல்கள் திடீர் திடீரென்று மரத்துப்போயின. பேசிக்கொண்டே இருப்பேன், வார்த்தை வராது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அறைக்குள் என் வீட்டுக்காரர் மட்டும் போனார். சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ஒண்ணுமில்ல புள்ள, வெறும் பயந்தானாம். ஆத்தாளைக் கும்பிடு, சரியாப் போகும்."

நம்பினேன். ஆடியில் நன்றி சொல்லிப் பால்குடம் எடுத்தேன். கோயில்வரை அவர் எனக்குக் குடை பிடித்து வந்தார். கொடுத்து வைத்தவள் என்று நீங்களே சொன்னீர்கள்.

ஐப்பசியில் தைத்துக்கொண்டிருந்தபோது மிஷின் ஊசி விரலில் ஏறியது. வலிக்கவே இல்லை. ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. கத்த நா எழவில்லை. ஆத்தா, இதுவும் பயமா, உண்மையைக் காட்டு என்று மனசுக்குள் அழுதேன். மறுநாள் தனியாக அதே டாக்டரிடம் போனேன்.

"ஏம்மா இம்புட்டு நாளா வரலை?" என்று சத்தம் போட்டார். "மூளையில இருக்கிற பொடி ரத்தக் குழாயெல்லாம் சி.டி.யில சரியாத் தெரியாது. மருந்து ஏத்தி எம்.ஆர்.ஐ. எடுக்கணும்னு உன் வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே சொன்னேனே. தாலியைக் கழட்டணுமான்னு கேட்டார். ஆமா, உலோகம் எதுவும் உள்ள கூடாதுன்னேன். எந்திரிச்சுப் போயிட்டார்."

வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டேன்.

"வாடிப்பட்டியில இருக்கிற எங்க அக்காதான் சொல்லுச்சு, தாலி இறங்குனா என் உசுருக்கு ஆகாதுன்னு."

"என் உசுரு போனா ஆகுமா?"

ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று தெரிந்தேதான் அந்த மனுஷன் குடை பிடித்திருக்கிறார்.

ஆத்தா சன்னதியில் தங்கத் தாலியைக் கழற்றினேன். மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் முடிந்து கட்டிக்கொண்டேன். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் நர்ஸம்மா, "எல்லாரும் இப்படித்தான்க்கா கட்டிட்டு வாராங்க" என்றார். ஒரு முழக் கயிற்றில் முடிகிற காரியம்!

டாக்டர் படத்தைக் காட்டினார். என் மூளைக்குள் ஓடும் மெல்லிய குழாய்கள். நூல் இழுத்தால் தையல் சுருங்குமே, அப்படி அங்கங்கே சுருங்கியிருந்தன. குழாய்ச் சுவரில் வீக்கமாம். மருந்துக்குக் கேட்குமாம். இன்னும் விட்டிருந்தால் பக்கவாதம் வந்திருக்குமாம். ஆத்தா காட்டிவிட்டாள் என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

மருந்து சாப்பிட்டு வந்தேன், தை பிறந்தபோது விரலுக்கு உணர்வு வந்தது. பேச்சு தடுக்கவில்லை. அவரும் குத்துக்கல்லாட்டம் நன்றாகத்தான் இருக்கிறார். தங்கத் தாலியை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. அது ஆத்தா படத்துக்கு முன்னால் இருக்கிறது.

ஆத்தாளை நம்புங்கள், அவள் கைவிடமாட்டாள். டாக்டர் அறைக்குள் மட்டும் நீங்களே போய் உட்காருங்கள். வருகிற ஆடிக்கும் பால்குடம் எடுக்கிறேன், எல்லோரும் வாருங்கள். குடை பிடிக்க எனக்கு ஆள் வேண்டாம்.