பெங் அக்காவின் இடது கால்

பெங் யூமெய் இருபத்தெட்டு வருடம் சீனாவின் மியன்யாங் நகரப் பேருந்தில் டிக்கெட் கிழித்தவள். ஓய்வு பெற்ற பிறகு அதட்ட ஆள் இல்லாமல் வாய் நமநமத்தது. நெசவாலைச் சதுக்கத்தில் நாற்பது பெண்களைச் சேர்த்து ஆட வைத்துவிட்டாள்.

தினமும் மாலை ஏழு மணிக்கு அவள் கணவர் குவோ சக்கரம் வைத்த ஸ்பீக்கரை இழுத்து வருவார். பெங் அக்கா எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் நிற்பாள். தனியாகப் பாடம் எதுவும் கிடையாது. முன்னால் ஆடும் முதுகைப் பார்த்து ஆட வேண்டியதுதான். புதிதாக வருபவளுக்குக் கடைசி வரிசை. ஒரு மாதம் மட்டம் போட்டவள் திரும்பி வந்தாலும் கடைசி வரிசைதான். சட்டம் போட்டவள் பெங் அக்காவே. போடும்போது ருசியாகத்தான் இருந்தது.

எட்டாவது வருட வசந்தத்தில் அவள் இடது முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியது. யாரிடமும் மூச்சு விடவில்லை. எல்லாம் இரண்டாம் வரிசை லான்ஷியாவுக்குப் பயந்துதான். மழலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். கையை நீட்டினால் ஸ்கேல் வைத்தது போல நேராக இருக்கும். தன் இடத்துக்கு அவள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைவதாகப் பெங் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

"அக்கா, கால் வலிக்குதா? நொண்டுற மாதிரி இருக்கே?" என்று ஒருநாள் லான்ஷியா கேட்டாள்.

"யாரு நொண்டுறா? புது ஸ்டெப்பும்மா இது! நாலாவது அடிக்கு இழுத்து வைக்கணும். கவனிச்சு ஆடு."

அந்த இழுவையோடு இன்னும் ஒரு மாதம் ஆடினாள். முழங்கால் பந்தாக வீங்கியது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர், மூன்று மாதம் ஆட்டம் பாட்டம் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், தன் இடத்தில் முன்னால் நின்ற லான்ஷியாவுக்காகக் குவோ அதே ஸ்பீக்கரை இழுத்துக்கொண்டு போனதைத்தான் தாங்க முடியவில்லை.

"அவ எப்படி ஆடுறா?"

"ஆடுறா."

"ஆடுறான்னா?"

"நல்லாத்தான் ஆடுறா."

அன்று குவோவின் நூடுல்ஸில் மிளகாய் எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லை. மனிதர் அப்படியே தின்று முடித்தார்.

லான்ஷியா ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தபோது பெங் அக்கா தூங்குவது போலக் கிடந்தாள். பழங்களை மட்டும் பிறகு தின்றாள்.

"யோவ், என்னைப் பத்தி யாராவது கேக்குறாங்களா?"

"ஸ்பீக்கர் பக்கத்துல நிக்கிறவனுக்கு என்ன காது கேக்கும்?"

"எட்டு வருஷம் முன்னாடி நின்னேன். மூஞ்சியவா பாத்திருப்பாங்க? முதுகைத்தானே பாத்தாங்க. மறந்திருப்பாங்கய்யா."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குவோ எழுந்து போய் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

மூன்று மாதம் கழிந்து அவள் சதுக்கத்துக்குப் போனபோது ஆட்டம் தொடங்கியிருந்தது. சட்டம் சட்டம்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரிசையில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு புதுமுகத்தின் பக்கத்தில் நின்றாள். முன்னால் லான்ஷியா. கை ஸ்கேல்தான். குறை கண்டுபிடிக்கவென்றே கண்ணைக் கீழே இறக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடிக்கு லான்ஷியாவின் இடது கால் தரையில் இழுபட்டது. கூடவே நாற்பது இடது கால்களும் சர்ரென்று இழுபட்டன.

பெங் அக்காவின் குணமான கால் மட்டும் சுத்தமாக மேலே எழும்பித் தாளம் தப்பியது.

"அக்கா, புதுசா?" என்றாள் பக்கத்தில் நின்றவள். "நாலாவதுக்கு இடது கால இழுத்து வைங்க. இங்க அதுதான் கஷ்டமான ஸ்டெப்பு. எனக்கே ரெண்டு வாரமாச்சு."

"நேரா வச்சா என்னவாம்?"

"ஐயோ, லான்ஷியா அக்கா திட்டுவாங்க! பெங் அக்கான்னு ஒருத்தங்க வச்ச ஸ்டெப்பாம். அவங்க திரும்பி வர்ற வரைக்கும் எதையும் மாத்தக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

பெங் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த நாலாவது அடிக்குத் தன் குணமான இடது காலை இழுத்து வைத்தாள்.

"இன்னும் நல்லா இழுக்கணும்" என்றாள் புதியவள். "பரவாயில்ல, போகப் போக வந்துரும்."