வாத்துகள் கரை மாறிய வருஷம்

ஊறவைத்த நெல்லைப் போட்டு, என் கரையில் இறங்க வேண்டிய ஆற்று வாத்துகளை என் சகலை தன் கரைக்கு இழுத்துவிட்டார் என்று நான் மனசார நம்பிக்கொண்டிருந்தேன். அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்கு வயது முப்பத்தைந்து. பச்சைக் குழந்தை என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் தாமிரபரணிக்கு வடகரை. என் மனைவியின் தங்கையைக் கட்டிய சகலைக்கு நேர் எதிரே தென்கரை. மாமனார் திருநெல்வேலி டவுணில் தனியாக இருந்தார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் நீர்ப்பறவை. குளிருக்கு வடக்கேயிருந்து வரும் கிளுவைகளும் ஊசிவால் வாத்துகளும், திரும்பிப் போவதற்கு முன் மாசியில் ஆற்றில் கூட்டம் கூட்டமாய்ச் சேரும். அதைப் பார்க்க வருஷா வருஷம் வந்து ஒரு மாதம் எங்கள் வீட்டில் தங்குவார். வாத்துகள் இறங்குவது எங்கள் படித்துறைக்குக் கீழேதான். அந்த மாதம் முழுக்க என் மனைவி நடக்கிற நடையே வேறு.

அந்த வருஷம் எங்கள் பக்கம் ஒரு வாத்துகூட இறங்கவில்லை. அத்தனையும் தென்கரையில். சகலை சும்மா இருப்பாரா? மாமனாருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டார்.

"அப்பா ரயிலடியிலேருந்து நேரா அங்கன போயிட்டாகளாம் அத்தான்" என்று சொல்லிவிட்டு என் மனைவி உள்ளே போனாள். அன்றைக்குச் சோற்றில் உப்பு இல்லை. அப்படியே தின்று எழுந்தேன்.

தினமும் விடிகாலை படித்துறையில் நின்று எதிர்க்கரையைப் பார்ப்பேன். மாமனார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் சகலை கையை நீட்டி எதையோ காட்டுவார். மாமனார் தலையாட்டுவார். ஊசிவால் வாத்துக்கும் வீட்டுக் கோழிக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் கை நீட்டுகிறார்! எனக்கு அந்தப் பனியிலும் வயிறு எரிந்தது. சகலை நெல் போடுகிறதைக் கையும் களவுமாகப் பிடித்து, மாமனார் முன்னால் நிறுத்தி, கையோடு மாமனாரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கத்தில் வாத்துப் பிடிக்கிறவர்கள் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆற்றில் இறங்குவார்கள். மிதந்து வரும் பானையைக் கண்டு வாத்து பறக்காது. மனைவிக்குத் தெரியாமல் ஒரு பழைய பானையை எடுத்து, அதில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டேன்.

மறுநாள் கிழக்கு வெளுக்கிற நேரம் இறங்கினேன். எங்கள் துறையில் எப்போதும் முழங்கால் தண்ணீர்தான். அந்த நினைப்பில் கடைசிப் படியிலிருந்து காலை வைத்தேன். கால் போய்க்கொண்டே இருந்தது. நான் போட்ட கூச்சல் பானையை விட்டு வெளியே போகாமல் என் காதுக்கே திரும்பி வந்தது. வேறு எவனோ அலறுகிறான் என்று இன்னும் பயந்தேன். பானை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அது என்னைத் தூக்கிக்கொண்டு மிதந்தது. எங்கள் துறையில் சகலை குழியும் வெட்டிவிட்டார் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியதுதான் விசேஷம்.

ஒருவழியாகத் தென்கரைப் பக்கம் கால் மணலில் தட்டியது. அங்கே இடுப்பளவுகூடத் தண்ணீர் இல்லை. கழுத்து மூழ்க உட்கார்ந்துகொண்டேன். என்னைச் சுற்றிலும் வாத்துகள். பல் கிடுகிடுத்தது. அப்போது ஓட்டை வழியாகப் பார்த்தால், இன்னொரு பானை என்னை நோக்கி வருகிறது. ஆற்றோடு வந்தால் பரவாயில்லை. அது நீரோட்டத்தை எதிர்த்து வந்தது. அதற்கும் இரண்டு கண் இருந்தது.

நான் அலறினேன். அந்தப் பானையும் அலறியது. ஆறு மொத்தமும் எழுந்து பறந்த மாதிரி வாத்துகள் கிளம்பின.

"யாருலே அது?" என்றேன்.

"அண்ணாச்சி, நீங்களா? கல்லெறிஞ்சு கலைக்கத்தான வந்தீக?"

"நீரு நெல்லு போடத்தான வந்தீரு, வே?"

எதிர்க்கரையில் நான் தினமும் முறைத்துக்கொண்டு நிற்பதைச் சகலை பார்த்திருக்கிறார். வாத்துகளைக் கலைக்க என்றைக்காவது வந்துவிடுவேன் என்று மூன்று நாளாகப் பானைக்குள் காவல் இருந்திருக்கிறார். அவருக்குப் பல் என்னைவிட வேகமாகக் கிடுகிடுத்தது. அதில்கூட எனக்குக் கொஞ்சம் பொறாமை.

மாமனார் மணலில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் பைய கரையேறுங்க மாப்ளே. வாத்துக போயிட்டுது, இனி உங்களத்தான் பாக்கணும்" என்றார்.

இருவருக்கும் காய்ச்சல் கண்டது. என்னைத் தென்கரையிலேயே படுக்கவைத்தார்கள். என் மனைவியும் தோணியேறி வந்து, தங்கையோடு சேர்ந்து இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். கிளம்பும்வரை மாமனார் அங்கேதான் இருந்தார். நானும் அங்கேதான் கிடந்தேன்.

பிறர் வாசலில் கூட்டம் நின்றால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால், அவன் என்ன செய்தான் என்று தேடுவதற்கு முன் என் காலுக்குக் கீழே ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். சகலை ஒரு மணி நெல் போடவில்லை. கார்த்திகை வெள்ளம் எங்கள் துறை மணலை அரித்துத் தென்கரையில் கொண்டுபோய் ஒதுக்கியிருந்தது. வாத்துகள் தலையைக் கவிழ்த்து மேய ஆழமில்லாத தண்ணீர் வேண்டும், அது இருந்த பக்கம் இறங்கின.