காத்திவாக்கம் கோவிலில் பன்னிரண்டாம் இடம்

இராயபுரத்தில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாது என்று ஒருவர் சொன்னால் அவர் ஊருக்குப் புதியவர் என்று அர்த்தம். சென்ற தபசுகாலத்தில், பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளில், ஒருநாள் கோவில் வாசலில் நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தேன். காத்திவாக்கத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில், பெரிய வியாழக்கிழமை பாதம் கழுவும் சடங்குக்கு நிஜமான மீன்பிடிக்காரர்களே பன்னிரண்டு அப்போஸ்தலர்களாக உட்காருகிறார்களாம் என்று ஒருவர் ஆரம்பித்தார். "எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா போய்ப் பாத்துகினுதான கீறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு போகாமல் இருப்பது மரியாதையல்ல. அதனால் போனேன். இனி போக நினைப்பவர்களுக்கு உபயோகமாகட்டும் என்று வழி, கூலி எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு டிராம். தண்டையார்பேட்டை வரை ஓரணா. அங்கிருந்து திருவொற்றியூருக்கு மூன்று மைல், ஜட்காதான் பிடிக்க வேண்டும். வண்டிக்காரன் ஆறணா கேட்டான்.

"இன்னாபா, இந்த நோஞ்சான் குதிரைக்கு ஆறணாவா?"

"குதிர நோஞ்சான்தான் சார். ஏர்ற ஆளு எட கீதே, அதுக்குதான் ஆறணா."

நாலணாவுக்கு முடித்தேன். என்னிடம் பேரம் பேசக் கவர்னர் துரையே தயங்குவார், ஜட்காக்காரன் எம்மாத்திரம்!

திருவொற்றியூரில் இரண்டு இட்டிலி சாப்பிட்டுவிட்டுக் கால்வாய்க் கரைக்கு நடந்தேன். பட்டணத்தில் விறகை இறக்கிவிட்டு வடக்கே காலியாகத் திரும்பும் படகுகள் அங்கே நிற்கும். எண்ணூருக்கு ஐந்து மைல், இரண்டணா. காற்றிருந்தால் பாய் விரிப்பார்கள், இல்லாவிட்டால் கழியால் தள்ளுவார்கள். அன்று காற்றில்லை. கழியை வாங்கி நானே தள்ளினேன். படகு ரயில் வண்டி மாதிரிப் பறந்தது. படகுக்காரர் கழியைத் திருப்பி வாங்கிக்கொண்டது என் கை வலிக்குமே என்ற இரக்கத்தால்தான். இரண்டு பக்கமும் உப்பளங்கள், வெயிலில் கண் கூசும். கரையில் ஒரு நண்டு பார்த்தேன், வண்டிச் சக்கரத்தில் பாதி இருக்கும். பகல் பன்னிரண்டுக்கு இறங்கினேன். இறங்கும் இடத்தில் முழங்கால் வரை சேறு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோவில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கீற்றுக் கொட்டகை, முன்பக்கம் மட்டும் சுவர். அந்தக் குப்பத்தில் கிறிஸ்தவ வீடுகள் மொத்தம் பதினாறு. மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்லிக் கோவிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் என்னை வரவேற்றார். அப்போஸ்தலர்களில் முதல்வரான இராயப்பர் பேரில் உண்டான ஊரிலிருந்து வருகிறேன் என்றேன். பிஷப் மேற்றிராணியாரே எனக்குப் பாதம் கழுவியிருக்கிறார் என்றும் சொன்னேன். (ஒரு திருநாளில் அவர் என் பக்கம் நன்றாகப் பார்த்தார். கிட்டத்தட்ட அதேதான்.) உபதேசியாருக்கு ஒரே சந்தோஷம். "அப்படியானால் இராயப்பர் இடத்தில் நீங்களே உட்காருங்கள் ஐயா" என்று முதல் இடத்தைக் கொடுத்துவிட்டார்.

சடங்கு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சேசுநாதர் பிடிபடுவதற்கு முன்னால், கடைசிப் போசனத்திலிருந்து எழுந்து, இடுப்பில் துண்டு கட்டி, சீஷர்கள் பன்னிரண்டு பேரின் கால்களையும் வேலைக்காரனைப் போலக் கழுவினார். அதன் ஞாபகமாகப் பூசை வைக்க வரும் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் கால்களைக் கழுவுவார். முதல் இடம் இராயப்பருக்கு. அதற்குக் கைவைத்த நாற்காலி. மற்றவர்களுக்கு வீடுகளிலிருந்து வந்த முக்காலி, உரல், கட்டை. கடைசி இடத்துக்கு ஒரு கவிழ்த்த மண்ணெண்ணெய்ப் பெட்டி. அது யூதாசின் இடம், குருவை முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்தவனுடையது.

மூன்றரை மணிக்குப் பதினோரு பேர் உட்கார்ந்தாயிற்று. பெட்டி மட்டும் காலி. சூசை என்ற நாற்பது வயதுக்காரரைப் பிடித்து அதன் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார் லாசர். லாசர் கட்டுமரம் வைத்திருப்பவர், குப்பத்தில் வாய் பெரிது.

"குந்துடா சூசை. போன வருசமே யூதாசு ஆயிட்ட. இன்னொரு வருசம் குந்துனா இன்னா கொறஞ்சி பூடும்?"

"ஒரு வருசமா எவன்டா என்னை கட்டுமரத்துல ஏத்துனான்? வலை கிழிஞ்சாலும் யூதாசு, மீன் வரலன்னாலும் யூதாசு. எம் பொண்டாட்டி கூடைய எறக்குனா, முப்பது காசுக்குக் குடுப்பியான்னு கேக்குறானுங்கோ."

"அது தமாசுடா!"

"உனுக்குத் தமாசு. அதோ கம்பத்தாண்ட நின்னுகினு கீறாரே, அவரு புள்ளைக்கு எம் பொண்ண கேட்டு வந்தவரு, அவராண்ட போய்ச் சொல்லு தமாசுன்னு. பாஸ்கா முடிஞ்சா நிச்சயம். யூதாசு வூட்லயா பொண்ணு எடுக்குறதுன்னு அவங்க வூட்ல கேட்டுகினு கீறாங்களாம். இன்னிக்கும் இதுல குந்துனா எம் பொண்ணு கடசி வரிக்கும் எங்கூடதான் குந்தும்."

கம்பத்தருகே நின்ற அந்தச் சம்பந்தி, பக்கத்துத் தாழங்குப்பத்துக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாமியார் உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஒரு பொட்டில குந்துறதுக்கு இம்மாம் பேஜாரா? எந்த எடமா இருந்தா இன்னா? ஆம்பளைனா குந்துவான்" என்றேன்.

லாசர் திரும்பினார். "கைவெச்ச சேர்ல சாஞ்சிகினு சொல்றியே நைனா! மொத எடத்துக்கு எப்பவும் ஆளு கீது. நீ வந்து இதுல குந்தேன் பாப்போம்!"

கொட்டகையே சிரித்தது. சூசை மட்டும் சிரிக்கவில்லை. நான் கணக்குப் போட்டேன். சாயங்கால ரயிலில் நான் போய்விடுவேன். யூதாசு என்ற பெயர் இந்த மணலிலேயே கிடக்கும், இராயபுரம் வரை நடந்தா வரப்போகிறது? எழுந்து போய்ப் பெட்டியில் உட்கார்ந்தேன். பெட்டி கிறீச்சென்றது, ஆனாலும் தாங்கியது.

"சூசை, நீ அங்க போய்க் குந்து."

"அவனா? மொத எடத்துலயா?" என்றார் லாசர்.

"நான் வுட்ட எடம், என் இஷ்டம்!"

சூசை நாற்காலியின் நுனியில், அது சுடுவது போல உட்கார்ந்தார்.

சாமியார் வயதானவர். துண்டைக் கட்டிக்கொண்டு மண்டியிடவே கொஞ்ச நேரம் ஆயிற்று. தண்ணீர்த் தட்டைக் கண்டதும் சூசை காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "வேணா சாமி, ஒரே கவிச்சி. நீங்க போயி தொடுறதா?"

சாமியார் சிரித்துவிட்டார். "இராயப்பரும் அன்றைக்கு இப்படித்தான் காலை இழுத்துக்கொண்டார். கொடு அப்பா."

லாசர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு பேர் முடிந்து என்னிடம் வரும்போது தட்டுத் தண்ணீர் கறுத்திருந்தது. என் காலில் கால்வாய்ச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. அவசரமாகத் துடைத்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, துடைத்து, குனிந்து பாதத்தை முத்தமிட்டார். "யூதாசுக்கும் அன்றைக்கு இதே துண்டுதான்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. என்னை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள், அந்தக் கறுத்த தண்ணீர்த் தட்டை நானே தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டினேன்.

வெளியே வந்தபோது தாழங்குப்பத்துக்காரர் சூசையின் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தார். "இன்னா இராயப்பரே, நம்ம வூட்டாண்ட எப்ப வர்றீங்க? நிச்சயத்துக்கு நாள் பாக்கணுமில்ல?"

எண்ணூர் ஸ்டேஷனில் ஆறரை மணிக்கு ரயில். கொருக்குப்பேட்டை வரை மூன்றணா.

பெயர் மணலில் கிடக்கும் என்று போட்ட கணக்கு தப்பு. காத்திவாக்கத்து மீன்காரம்மாக்கள் இராயபுரத்துக்கும் கூடை தூக்கி வருகிறார்கள் என்பதை நான் மறந்துபோனேன். பாஸ்காவுக்கு அடுத்த வாரம் தெருக்கோடியிலிருந்தே குரல்: "யூதாசு மாமாவ்! வஞ்சிரம் கீது!" அது சூசையின் சம்சாரம். என் வீட்டு வாசலில்தான் முதலில் கூடையை இறக்குகிறாள், நல்ல மீனை நாங்கள் பொறுக்கிய பிறகுதான் மற்றவர்களுக்கு. லாசரின் கட்டுமரத்தில் சூசை ஏறிவிட்டாராம். மகளுக்கு நிச்சயமும் ஆயிற்று. இப்போது தெருவில் பால்காரன் முதல் என் மைத்துனன் வரை எல்லோருக்கும் நான் யூதாசு மாமாதான். முதல் மூன்று நாள் கோபம் வந்தது. ஒரு வருஷம் இதைச் சுமந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன், ஆறிவிடும்.

போகிறவர்களுக்கு: மோர் கொண்டுபோங்கள், வழியில் நல்ல தண்ணீர் கிடைக்காது. ஜட்காவுக்கு நாலணாவுக்கு மேல் தராதீர்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படகிலிருந்து இறங்குங்கள். மூன்று மணிக்குள் போனால் உபதேசியாரிடம் இடம் கேட்கலாம், ஆள் பற்றாக்குறை இருக்கும். பதினோரு இடங்களில் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். மண்ணெண்ணெய்ப் பெட்டியை மட்டும் கேட்காதீர்கள், வருகிற வருஷத்துக்கும் அது எனக்குத்தான் என்று உபதேசியாருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.