எட்டாத பெடல்

பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்கு அரசாங்க சைக்கிள் கொடுத்தார்கள். உத்திரமேரூரிலிருந்து எங்கள் ஊருக்கு நாலு கிலோமீட்டர். கூடப் படித்த பெண்கள் மணியடித்துக்கொண்டே கிளம்பிப் போனார்கள். எனக்கோ ஏறி உட்கார்ந்தால் பெடல் கீழே போகும்போது கால் எட்டவில்லை. எட்டாம் வகுப்பில் கொடுத்த சீருடை அப்போதும் எனக்குச் சரியாகத்தான் இருந்தது. துணியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அதில் பெருமை வேறு.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பின்சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்டு, பஞ்சர் என்று சொல்லிக்கொண்டு தள்ளியே வந்தேன்.

நடவு முடித்து, காலில் சேறு காயாமல் வந்த அம்மா ஏரிக்கரையில் என்னைப் பார்த்துவிட்டாள். சைக்கிளைப் பிடுங்கி நேராகப் பஞ்சர் கடைக்குத் தள்ளிப் போனாள். முன்னால் போன பெண்கள் அங்கேதான் சைக்கிளுக்குக் கூடை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். "பஞ்சர்லாம் ஒண்ணும் இல்லம்மா. யாரோ காத்த புடுங்கி வுட்டுக்கீறாங்க."

காற்றடித்து என்னை ஏறச் சொன்னார். சீட்டை அடிவரைக்கும் இறக்கியும் என் கால் விரல் பெடலைத் தேடியது. "பொண்ணு இன்னா படிக்குது, ஆறாவதா?" என்றார்.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மானம் போயிற்று. "எல்லாம் உன்னாலதான்!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். "உன்ன மாதிரியே குட்டையா பெத்துட்ட!"

அம்மா கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கடைக்காரரிடம் சிரித்தாள். "ஆமாண்ணா. எங்க பொறந்த வூட்ல அல்லாருமே குட்டைதான். அந்த வாகு இவளுக்கும் வந்துட்ச்சி."

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இப்போது நான் அங்கன்வாடியில் பிள்ளைகளை நிறுத்தி உயரம் அளக்கிறேன். வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத பிள்ளையின் தாயிடம், வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் காலையில் டீயும் பொறை ரொட்டியும். இரவுக்கு எப்போதும் ரேஷன் அரிசிக் கஞ்சி. நடவு இல்லாத மாதங்களில் சட்டியில் மிஞ்சினால்தான் அம்மாவுக்கு. இதை எந்தத் தாய் பஞ்சர் கடையில் நாலு பேர் முன்னால் சொல்லுவாள்? பிறந்த வீட்டின் மேல் பழியைப் போடுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

அம்மாவோடு பிறந்த மாமாக்கள் இரண்டு பேர். பொங்கலுக்குச் சீர் கொண்டுவரும்போதெல்லாம் எங்கள் வாசற்படியில் தலை இடிக்காமல் இருக்க நன்றாகக் குனிந்துதான் உள்ளே வருவார்கள். அந்த வீட்டில் ஆண்பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டு வளர்ந்தவள் அம்மா ஒருத்திதான். வருஷா வருஷம் அவர்கள் குனிவதைப் பார்த்தவள் நான். அன்றைக்கு அது என் புத்தியில் ஏறவில்லை.

அன்று இரவு தன் பங்குக் கஞ்சியையும் அம்மா என் தட்டில் ஊற்றினாள். கடையில் அவளே தப்பை ஒப்புக்கொண்டுவிட்டாளே, போகட்டும் என்று நான் அவளை மன்னித்து, அதையும் குடித்துவிட்டுப் படுத்தேன்.