எழிலரசி இரண்டாம் முறை பாலத்தை நிறுத்தினாள்

கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே வேன் ஓட்டும் தருமனுக்கு ஒரே மகள் எழிலரசி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். வெளியூர் விமான நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, வேனில் ஏறியவர்களிடமெல்லாம் தருமன் சொல்லிக்கொண்டே வந்தார்.

“பொண்ணு ஏரோபிரிட்ஜ் ஓட்டுது.”

“அப்படின்னா?”

“பாலம்ங்க. கட்டடத்துலேர்ந்து பிளேன் கதவு வரைக்கும் நீட்டுற பாலம். ஜனங்க அதுல நடந்துபோயி ஏறிக்குவாங்க.”

“பாலத்தைப் போயி யாராவது ஓட்டுவாங்களா? இன்னா நைனா, கத வுடுற!”

ஓட்டத்தான் வேண்டும். அது சக்கரங்கள் வைத்த நீண்ட இரும்புக் கூண்டு. விமானம் வந்து நின்று இன்ஜின் அடங்கிய பிறகு, கீழே ஆள் யாரும் இல்லை என்று பார்த்து, மெல்ல மெல்ல நகர்த்திக் கதவோரம் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் வேலை முடிவதில்லை. ஆட்களும் பெட்டிகளும் ஏற ஏற விமானம் கொஞ்சம் தாழும். பாலத்தின் தூண்களும் அதற்கு ஏற்றபடி தாழ்ந்துகொண்டே வர வேண்டும். எழிலரசிக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. கல்யாணம் ஆன பிறகும் விடவில்லை. கணவன் இளஞ்செழியன் செங்கம் சாலையில், ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விடுமுறைக்கு வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து போவாள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் பாலத்தின் அடியில் கரகரவென்று ஏதோ உரசும் சத்தம் கேட்டது. எழிலரசி சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ஏறிக்கொண்டிருந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். மெக்கானிக்குகள் வந்து தலைகீழாக நின்று தேடியும் ஒரு கோளாறும் அகப்படவில்லை. விமானம் வெகுநேரம் தாமதமானது. அடுத்த விமானத்தைத் தவறவிட்டவர்கள் கத்தினார்கள். அவர்களில் ஒருவர் அவளைப் படம்பிடித்து, ‘இல்லாத சத்தத்தைக் கேட்ட பெண்’ என்று எழுதி உலகத்துக்கே அனுப்பிவிட்டார். அது திருவண்ணாமலைக்கும் வந்து சேர்ந்தது. அவளைப் பாலத்திலிருந்து எடுத்து, சக்கர நாற்காலி தள்ளும் வேலைக்கு மாற்றினார்கள்.

விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை. “வந்துடு எழிலு. ரெண்டு பேரும் சேந்து லாட்ஜைப் பாத்துக்கலாம். அங்க போயி பேச்சு வாங்கணும்னு உனுக்கு இன்னா?” என்றான் இளஞ்செழியன். அவளும் சரி என்றுதான் தலையாட்டினாள்.

அந்த வாரம் பௌர்ணமி வந்தது. மாலையில் இருவரும் கிரிவலம் கிளம்பினார்கள். சாலை முழுக்கத் தலைகள். ஓரிடத்தில் ஊர்க்காவல் படைப் பெண் ஒருத்தி, எழிலரசி வயதுதான் இருக்கும், சாலைக்குக் குறுக்கே கயிற்றைப் பிடித்துக் கூட்டத்தை நிறுத்திவிட்டாள். பின்னாலிருந்து வசவு மழையாகப் பொழிந்தது. “ஏம்மா, உனுக்கு இன்னா பைத்தியமா? முன்னாடிதான் காலியா கீதே!” அவள் முன்னாலிருந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே கயிற்றை இறக்கினாள். கூட்டம் திட்டிக்கொண்டே நகர்ந்தது.

எழிலரசி மட்டும் நின்றாள். “ஒண்ணுமே ஆகலியே, ஏங்க நிறுத்தினீங்க?”

“வளைவுல கூட்டம் தேங்கினாப்புல இருந்துச்சு. அப்புறம் நகர ஆரம்பிச்சுது, வுட்டுட்டேன்.”

“இவ்ளோ திட்டுறாங்களே?”

அந்தப் பெண் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சிரித்தாள். “திட்டட்டுமே. ஒருத்தரும் கீழ வுழல இல்ல? திட்டுறதுக்கு எல்லாரும் முழுசா இருக்காங்க, அது போதும்.”

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது எழிலரசி சொன்னாள்: “நான் திரும்பப் போறேங்க.”

இளஞ்செழியன் அவள் முகத்தைப் பார்த்தான். “பஸ்ஸுக்கு நானே கொண்டுபோயி வுடறேன்” என்றான்.

அவள் போய், திரும்பவும் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதித் தன் இடத்தை வாங்கினாள். கோடை தொடங்கும்போது மறுபடியும் பாலத்தின் முனையில் நின்றாள்.

அன்று காலை விமானம் பாதி நிறைந்திருந்தது. பாலத்துக்குள் வரிசை நீண்டிருந்தது: கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, கல்யாணக் கோஷ்டி ஒன்று, சக்கர நாற்காலியில் ஒரு அம்மாள். விமானக் கதவின் படியும் பாலத்தின் தரையும் சேரும் இடத்தில் எழிலரசியின் கண் நின்றது. இடது பக்கம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. வலது பக்கம் அப்படியே இருந்தது. விமானம் தாழ்ந்தால் பாலம் இரண்டு பக்கமும் சமமாகத்தான் தாழும். இது கோணலாக இறங்குகிறது.

போன மழைக்காலம் மொத்தமும் ஒரு நொடியில் கண்முன் வந்து போனது. கை அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டது.

மோட்டார் நின்றது. பாலம் நிற்கவில்லை. இன்னும் ஒரு விரல் இறங்கியது.

“யாரையும் வெளிய வுடாதீங்க!” என்று விமானப் பணிப்பெண்ணிடம் சொல்லிவிட்டு, வரிசையை நோக்கித் திரும்பினாள். “எல்லாரும் வந்த வழியே திரும்பிப் போங்க. பையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நடங்க, நடங்க!”

ரேடியோவில் நுழைவாயில் மேற்பார்வையாளரின் குரல் வெடித்தது. “எழிலரசி, மறுபடியுமா?”

“ஆமா சார், மறுபடியும்தான். ஒருத்தரையும் உள்ள அனுப்பாதீங்க. கீழ மொஹ்சின் நிக்கிறாரு, அவரை மொதல்ல வெளிய வரச் சொல்லுங்க!”

மொஹ்சின் தரையில் வேலை செய்யும் மெக்கானிக். பாலத்துக்கு நேர் கீழேதான் நின்றிருந்தார். அவர் ஓடுவதை எழிலரசி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டாள்.

கல்யாணக் கோஷ்டியில் ஒருவர் முணுமுணுத்தபடி செல்போனைத் தூக்கினார். “படம் அப்புறம் எடுங்க, இந்தக் கொழந்தையப் புடிங்க” என்று தம்பதியின் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். பெட்டியோடு தடுமாறிய அந்தத் தம்பதி அதை அங்கேயே விட்டுவிட்டுக் கைவீசி நடக்க ஆரம்பித்தார்கள். பாலம் விமானத்தை நோக்கிச் சரிந்திருந்ததால் திரும்பிப் போவது மேட்டில் ஏறுவதுபோல இருந்தது. சக்கர நாற்காலியை எழிலரசியே தள்ளினாள். அந்த அம்மாள், “மெதுவாம்மா, உனக்கு மூச்சு வாங்குது” என்றார்.

நாற்காலி கட்டடத்தின் வாசலைத் தாண்டியதும் பின்னால் இடி இடித்ததுபோல் சத்தம். திரும்பிப் பார்த்தாள். பாலத்தின் அந்த முனை ஆள் உயரத்துக்குக் கீழே போய்க் கோணலாகத் தொங்கியது. விமானக் கதவு நெளிந்திருந்தது. பாலத்துக்குள் ஒருவரும் இல்லை.

விமானத்துக்குள் இருந்தவர்களை மறுபக்கக் கதவில் படிக்கட்டு வைத்து இறக்கினார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மொஹ்சின் ஓடிவந்தார். “நான் அதுக்கு அடியிலதான் நின்னுட்டிருந்தேன்” என்றார், அதையே திரும்பத் திரும்ப. யாரோ கைதட்டத் தொடங்க, பயணிகள் காத்திருக்கும் கூடம் முழுக்கக் கைதட்டியது. மேற்பார்வையாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எல்லோர் முன்னாலும் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். எழிலரசி அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

தூணின் உள்ளே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு திருகு மரை தேய்ந்து போயிருந்தது. மற்ற பாலங்களையும் பிரித்துப் பார்த்தார்கள். இன்னொன்றிலும் அதே தேய்மானம் இருந்தது. அன்றே அதை மாற்றினார்கள். பாராட்டு விழாவில் சால்வை போட்டு, என்ன வேண்டும் என்று பெரிய அதிகாரி கேட்டபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். “சந்தேகம் வந்து யார் நிறுத்தினாலும், கோளாறு இருந்தாலும் இல்லாட்டியும், அவங்களை வேலையிலேர்ந்து எடுக்கக் கூடாது சார்.” அந்த மாதமே அது விதியானது.

அடுத்த விடுமுறைக்கு அவள் பஸ்ஸில் வந்து இறங்கியபோது வேங்கிக்கால் திருப்பத்தில் தருமன் வேனோடு நின்றிருந்தார். பக்கத்தில் இளஞ்செழியன், பின்னால் பாதி ஊர். ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனரில் அவளுடைய கல்யாணப் போட்டோ, நகையெல்லாம் போட்டபடி. மேலே ‘விமானம் காத்த வீரமங்கையே வருக!’ என்று எழுதியிருந்தது. பட்டாசுச் சரம் வெடித்தது. தருமன் மாலையைப் போட்டுவிட்டு, “எப்டிமா கீது பேனரு? நான்தான் சொல்லி அடிச்சேன்” என்றார்.

எழிலரசி பேனரைப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள். மறுபடியும் பேனரைப் பார்த்தாள்.

“சூப்பரா கீதுப்பா. ஆனா இதை இங்க கட்டினா வளைவுல வர்ற பஸ்ஸு தெரியாது. அவுத்து அந்தாண்ட கட்டுங்க.”

ஊரே சிரித்தது. நான்கு பேர் ஏறிப் பேனரை அவிழ்க்க, இளஞ்செழியன் நடுரோட்டில் நின்று, கையைத் தூக்கி, வந்த பஸ்ஸை நிறுத்தினான்.